வீல் நட்டு தகராறு: சத்தத்த வச்சு, ஆட்டத்த வச்சு கண்டுபுடிக்கிறது எப்படி

பொங்கல் லீவுல ஆம்பூர் போய் பிரியாணி சாப்டலாம்னு வேலூர்ல இருந்து குடும்பத்தோட கெளம்புனோம். பள்ளிகொண்டா டோல்ல ஸ்லோ பண்றப்போ முன்னாடி இடது பக்கத்துல இருந்து டொக்... டொக்... டொக்னு ஒரு சத்தம். ஸ்பீடு எடுத்தா காணாம போவுது, ஸ்லோ பண்ணா திரும்ப வருது. கல்லு ஏதோ டயர்ல மாட்டிகிச்சுனு நெனச்சு டோல் தாண்டி ஓரங்கட்டி பாத்தா, நாலு நட்டுல ரெண்ட வெறுங்கையால சுத்த முடியுது. எங்க ஹோண்டாவுக்கு வெளில வாங்குன அலாய், அதாவது அலுமினிய ரிம், மாட்டி அன்னிக்கு பன்னெண்டாவது நாள். பின்னாடி சீட்ல எங்க நைனா, "நட்டு கழண்டது காருக்கா உனக்கா"ன்னு கேக்குறாரு.

அலாய் போட்ட கடைக்கு போன் போட்டா, "கொஞ்சம் டைட் பண்ணிக்குங்க சார், புதுசுல அப்டித்தான்"னாங்க. டைட் பண்ணேன். எரநூறு கிலோமீட்டர்ல திரும்ப லூசு. திரும்ப டைட், திரும்ப லூசு. நடுவுல இன்னொரு எடத்துல அலைன்மென்ட், பேலன்சிங்னு ரெண்டு தடவ துட்டு அழுதேன். கடைசியா சத்துவாச்சாரில ஒரு மெக்கானிக் அண்ணன் ஒரு நட்ட கழட்டி வெளிச்சத்துல திருப்பி பாத்துட்டு, "இன்னா தம்பி, நட்டு பால் நட்டு, ரிம்மு கோன் ரிம்மு, எப்டி உக்காரும்?"னு கேட்டாரு. ஒரு நிமிஷ வேலை. அன்னையில இருந்து வீல் நட்டுனா எனக்கு ஒரு கிறுக்கு மாதிரி ஆயிடுச்சு, சொந்தக்காரங்க கார்லாம் குனிஞ்சு பாத்துகினு இருக்கேன். அதுல தெரிஞ்சுகிட்டத இங்க கொட்டிடுறேன். உங்க கார்ல என்ன கோளாறோ அந்த எடத்துக்கு நேரா போங்க, ஆனா அதுக்கு முன்னாடி அடுத்த ரெண்டு பத்திய மட்டும் படிச்சிடுங்க.

நட்டுல பாக்க வேண்டியது மரை, வாய், நீளம். மரைனா ஸ்டட்டோட, அதாவது நட்டு ஏறுற மரை வச்ச கம்பியோட, தடிமனும் மரைக்கு மரை உள்ள எடவெளியும். 12 இன்ட்டு 1.5னு சொன்னா ஸ்டட் 12 மில்லிமீட்டர் தடிமன், ஒரு சுத்துக்கு நட்டு 1.5 மில்லிமீட்டர் உள்ள போவும். வாய்னா ரிம்மோட குழில போய் உக்கார்ற பக்கம். அது கூம்பா இருந்தா கோன் நட்டு, உருண்டையா இருந்தா பால் நட்டு, தட்டையா வாஷரோட இருந்தா ஃபிளாட் நட்டு. நீளம் உங்களுக்கே தெரியும். இதுல எல்லாரும் மரைய மட்டும் பாக்குறாங்க, ஏன்னா மரை தப்பா இருந்தா நட்டு ஏறாது, ஒடனே தெரிஞ்சிடும். வாய் தப்பா இருந்தா நட்டு அழகா ஏறும், டைட் ஆவும், கிர்ருனு நட்டு முடுக்குற கன் போட்டு அனுப்பிடுவாங்க, ரோட்லதான் தெரியும். அதான் ஆபத்தே.

நம்ம ஊர்ல ஓடுற காருங்கள எடுத்துக்கோங்க. மாருதில ஸ்விஃப்ட், வேகன்ஆர் மாதிரி வண்டிங்களுக்கு 12 இன்ட்டு 1.25, கோன் வாய். ஹூண்டாய், கியாவுக்கு 12 இன்ட்டு 1.5, அதுவும் கோன், ஸ்பேனர் 21 மில்லிமீட்டர். ஹோண்டா சிட்டி, அமேஸுக்கு 12 இன்ட்டு 1.5, ஸ்பேனர் 19, வாய் மட்டும் பால். டொயோட்டாவும் பெரும்பாலும் 12 இன்ட்டு 1.5தான், ஆனா பல மாடல்ல கம்பெனி அலாய்க்கு நீட்டு கழுத்து வச்ச ஃபிளாட் நட்டு, வாஷரோட வரும். போலோ, வென்டோ, ராபிட் மாதிரி ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டில நட்டே கெடையாது, 14 இன்ட்டு 1.5 போல்ட்டு, தலை 17, வாய் பால். பாத்தீங்களா, ஹூண்டாய் நட்ட ஹோண்டாவுல போட்டா மரை சூப்பரா ஏறும். பஞ்சர் கடைல ஒரு டப்பா நெறைய கலவையா நட்டு கெடக்கும், அதுல இருந்து ஒன்னு எடுத்து போட்டு விட்டா அவருக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது.

டைட் பண்ணா திரும்ப திரும்ப லூசாவுது

இதான் என் கேஸ், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

வீல ஸ்டட் தாங்குதுனு நாம நெனக்கிறோம், அப்டி கெடையாது. நட்ட டைட் பண்றப்போ ஸ்டட் ஒரு ஸ்பிரிங் மாதிரி இம்மியளவு நீளுது, அந்த இழுவைல ரிம்ம ஹப்போட, அதாவது வீல் மாட்டுற, கூடவே சுத்துற நடு பாகத்தோட, சேத்து அமுக்குது, அந்த அமுக்கத்துல வர்ற உராய்வுதான் வண்டி பாரத்தையும் பிரேக்கையும் தாங்குது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்ட 108 நியூட்டன் மீட்டர் திருப்பு விசைக்கு டைட் பண்ணா ஒரு ஸ்டட்டே சுமார் 4 டன்னுக்கு மேல இழுத்து புடிக்கும். அவ்ளோ பாரமும் நட்டு வாயும் ரிம் குழியும் தொடுற எடத்துலதான் எறங்குது. கூம்பு குழில கூம்பு நட்டு உக்காந்தா முழு பட்டையா தொடும். கூம்பு குழில உருண்ட நட்டு உக்காந்தா? ஒரு கோலிகுண்ட புனல்ல போட்டா எப்டி ஒரே ஒரு வட்டக் கோட்டுல தொடும், அதேதான். அந்த கோட்டுல அலுமினியம் நசுங்கும், நசுங்குனா ஸ்டட்டோட இழுவை போச்சு, இழுவை போனா நட்டு தானா சுத்தும். திரும்ப டைட் பண்ணா இன்னும் கொஞ்சம் நசுங்கும். நான் மூணு தடவ டைட் பண்ணி ரிம்மத்தான் கெடுத்துகினு இருந்திருக்கேன்.

கண்டுபுடிக்க ஒரு வழி அந்த அண்ணன் சொன்னாரு. ஃபிட்டருங்க ஒரு நீல மை தடவி பாப்பாங்களாம், அது எங்க கெடைக்கும்னு நான் முழிச்சப்போ, "வூட்ல கண்ணு மை இல்லியா?"ன்னாரு. வீட்டுக்கு வந்து சம்சாரத்தோட கண் மைய சுண்டு விரல்ல எடுத்து நட்டு வாயில மெல்லிசா தடவி, கையால மாட்டி, ஸ்பேனர்ல லேசா ஒரு அழுத்து அழுத்தி, திரும்ப கழட்டி ரிம் குழிய பாத்தேன். தலைமுடி கனத்துக்கு ஒரே ஒரு கருப்பு வட்டம். அப்பால கோன் நட்டு ஒன்னு வாங்கிட்டு வந்து அதே மாதிரி பண்ணா, சுண்டு விரல் நகம் அகலத்துக்கு குழி முழுக்க கருப்பு பட்டை. இதுக்கு மேல ஒருத்தன் என்ன விளக்கம் கேப்பான். முடிஞ்சதும் மைய பெட்ரோல் துணியால சுத்தமா தொடச்சிடுங்க, அதுல எண்ணெய் இருக்கு. சம்சாரம் புது மை டப்பா கேட்டா வாங்கி குடுத்துடுங்க.

அதனால வெளில அலாய் வாங்குனா மொதல்ல கேக்க வேண்டியது குழி என்ன வாய்னு. கடைங்கள்ல விக்கிற வெளி அலாய் பெரும்பாலும் 60 டிகிரி கோன்தான். ஹோண்டாக்காரங்க, போலோக்காரங்க, கம்பெனி அலாய் போட்ட டொயோட்டாக்காரங்க மூணு பேரும் அலாயோட சேத்து புது நட்டும் (போலோவுக்கு போல்ட்டும்) வாங்கியே ஆவணும். எனக்கு 16 நட்டுக்கு 1600 ரூபா ஆச்சு, அலைன்மென்ட்டுக்கு வீணா குடுத்தத விட கம்மிதான். கம்பெனி ரிம்முக்கு திரும்ப மாறுனா பழைய நட்டுக்கு மாறணும், அதுல கோன் நட்டு போட்டாலும் இதே கததான், தலைகீழா.

வாய் சரியா இருந்தும் லூசானா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒன்னு பெயின்ட். ரிம்முக்கு கலர் அடிக்க குடுத்தா குழிக்குள்ளயும் ஹப்ல ஒட்டுற பின்பக்கத்துலயும் சேத்து கனமா அடிச்சு குடுப்பாங்க, ஓட ஓட அந்த பெயின்ட் நசுங்கி மெலிஞ்சிடும், அந்த அளவுக்கு நட்டு லூசாவும். குழிலயும் பின்பக்கத்துலயும் பெயின்ட சொரண்டிட்டு மாட்டுங்க. ரெண்டாவது ஹப் மூஞ்சில துரு. கம்பி பிரஷ் போட்டு தேச்சு, துணில தொடச்சு, அப்பறம் மாட்டுங்க.

எது எப்டி இருந்தாலும் புதுசா வீல் மாட்டி 50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவ திரும்ப டைட் பாத்துடணும். ஆனா ஏலகிரில 14 கொண்டை ஊசியும் பிரேக் புடிச்சுகினே எறங்கி வந்த கையோட பாக்காதீங்க, ஹப்பு, டிஸ்க்லாம் கொதிக்கும். ஆறட்டும்.

ரெண்டு மூணு சுத்துக்கு மேல ஏறல

கையால மாட்டுறப்போ ரெண்டு மூணு சுத்துல பிடிச்சா அங்கயே நிறுத்திடுங்க. ஒன்னு மரை கோணலா ஏறியிருக்கு, இல்ல 1.5 ஸ்டட்டுல 1.25 நட்டு. மாருதி நட்டு ஹூண்டாய்ல ஏறுற மாதிரி ஏறி சிக்கும், ரெண்டுமே 12 தானே. இந்த எடத்துல ஒரு பையன் கன்ன வச்சு கிர்ருனு விட்டான்னா நட்டு ஏறிடும், மரைய சீவிட்டு ஏறும். "பாத்தீங்களா சார் ஏறிடுச்சு"ம்பான். அதுக்கப்பறம் அந்த ஸ்டட்டு தண்டம்.

மரை அளக்குற கேஜ் இல்லாம அளக்கணும்னா ஸ்டட் பக்கத்துல ஒரு ஸ்கேல வச்சு பத்து மரைய எண்ணுங்க. 15 மில்லிமீட்டர் வந்தா 1.5, 12 அரை வந்தா 1.25. அவ்ளோதான். கண்ணு தெரியலனா போன்ல போட்டோ எடுத்து பெருசு பண்ணி எண்ணுங்க, நானே அப்டித்தான் பண்றேன்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். பஞ்சர் கடைல என் வண்டிக்கு நட்ட மொதல்ல கையால நாலஞ்சு சுத்து ஏத்திட்டுதான் கன் வைக்கணும், மொறச்சாலும் பரவால்ல.

சுத்திகிட்டே இருக்கு, டைட்டே ஆவல

மரை போச்சு. நட்டுலயா ஸ்டட்லயானு பாக்கணும். நல்ல நட்டு ஒன்ன அதே ஸ்டட்ல போடுங்க, அது நின்னா பழைய நட்டு குப்பை, அதுவும் சுத்துனா ஸ்டட் போச்சு. நட்டு சுத்துறப்போ ஸ்டட்டும் கூடவே சுத்துனா அது வேற, ஸ்டட்டோட அடில இருக்குற பல்லு ஹப்ல புடிப்பு விட்டுடுச்சு. மூணுக்கும் டேப் சுத்துறது, டெஃப்லான் வைக்கிறது, நூல் சுத்துறதுனு யாராவது வைத்தியம் சொன்னா கும்புடு போட்டுட்டு வந்துடுங்க.

டைட்டா இருக்கு, ஆனா ரிம் ஆடுது

இது கொஞ்சம் குழப்புற கேஸ். ஸ்பேனர் சத்தியமா நகரல, கல்லு மாதிரி நிக்குது, ஆனா வீல அசைச்சா டக்குங்குது. மூடி வச்ச நட்டா இருந்தா, அதாவது முன்பக்கம் ஓட்ட இல்லாத குரோம் நட்டு, உள்ள ஸ்டட்டோட நுனி மூடில போய் இடிச்சு நின்னுடுச்சு. ரிம்ம அமுக்குறதுக்கு முன்னாடியே நட்டு முடிஞ்சு போச்சு. அலாய்ல இருந்து மெல்லிசான இரும்பு ரிம்முக்கு மாறுனா, ஸ்டட் கூடுதலா வெளில நீட்டிகினு நிக்கும், அப்போ இது வரும். ரிம் இல்லாம நட்ட மட்டும் ஸ்டட்ல முழுசா ஏத்தி எவ்ளோ தூரம் போவுதுனு பாத்தா தெரிஞ்சிடும்.

இதுக்கு நேர் எதிரா மரை பத்தாம போறதும் உண்டு. கனமான அலாய், இல்லனா டயர் வெளில தள்ளி நிக்கணும்னு ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவுல ஸ்பேசர் தட்டு போட்டவங்க, எத்தன சுத்து ஏறுதுனு எண்ணுங்க. நட்டு ரிம்ம தொடுற வரைக்கும் ஸ்டட் தடிமன் அளவுக்காவது மரை மாட்டணும், அதாவது 12 மில்லிமீட்டர். 1.5 மரைனா எட்டு சுத்து, 1.25னா பத்து சுத்துனு வச்சுக்கோங்க, போலோ போல்ட்டுக்கு ஒம்போதுக்கு மேல. நாலு சுத்துல டைட் ஆவுதுனா அந்த வண்டிய ஹைவேல எடுக்காதீங்க. ஸ்பேசர கழட்டுங்க, இல்ல நீள ஸ்டட் மாத்துங்க. வேற வழி இல்ல.

எண்பதுக்கு மேல ஸ்டீரிங் நடுங்குது

எல்லாரும் மொதல்ல பேலன்சிங்தான் போவாங்க, தப்பில்ல, பாதி நேரம் அதான். ஆனா புது அலாய் மாட்டுனதுக்கு அப்பறம் வந்த நடுக்கம், பேலன்சிங் மிஷின்ல எல்லாம் பூஜ்யம் காட்டியும் போவலனா, வீல் நடுவுல உக்காரலனு அர்த்தம். மிஷின்ல வீல நடு ஓட்டைல கோன் வச்சு புடிக்கிறாங்க, அங்க நடுவுலதான் சுத்தும். கார்ல?

கம்பெனி ரிம்மோட நடு ஓட்டை ஹப்போட சரியா பொருந்துற மாதிரி வெட்டியிருப்பாங்க. சிட்டிக்கு 56.1 மில்லிமீட்டர், போலோவுக்கு 57.1. வெளி அலாய் பல காருக்கும் சேரணும்னு பெருசா, 67.1, 73.1னு வெட்டியிருக்கும். அப்போ ஹப்புல ரிம் தொங்காம நடுவுல நிக்கிறதுக்கு நட்டோட கூம்பு மட்டும்தான் வழி. அந்த கூம்பும் தப்பா இருந்தா, இல்ல வண்டிய ஜாக்கில இருந்து எறக்கிட்டு நட்ட டைட் பண்ணா, ரிம் ஒரு மில்லிமீட்டர் கீழ எறங்கியே பூட்டிக்கும். ஹப் ரிங்குனு ஒரு வளையம் விக்கிறாங்க, வெளிவிட்டம் ரிம்முக்கு, உள்விட்டம் ஹப்புக்கு. அத போட்டு, வீல் தரைல படாம இருக்கறப்பவே நட்டுங்கள குறுக்கு குறுக்கா லேசா டைட் பண்ணி கூம்பெல்லாம் உக்கார வச்சுட்டு, அப்பறம் எறக்கி முழு டைட் குடுங்க. நாலு நட்டுனா மேல, கீழ, இடது, வலது. அஞ்சுனா நட்சத்திரம் போடுற வரிசை. வட்டமா சுத்தி வந்தீங்கன்னா ரிம் ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்துடும்.

பிசிடியும் ஒரு தடவ பாத்துக்கோங்க, அதாவது எத்தன நட்டு ஓட்டை, அந்த ஓட்டைங்க நிக்கிற வட்டத்தோட விட்டம் எத்தன மில்லிமீட்டர்னு. 4 இன்ட்டு 98, 4 இன்ட்டு 100 ரெண்டும் கண்ணுக்கு ஒன்னு மாதிரியே இருக்கும், பழைய ஃபியட்டு 98, சிட்டி 100. செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல "மாட்டிக்கலாம் தம்பி, கொஞ்சம் தட்டுனா போயிடும்"னு சொல்லுவாங்க. தட்டுனா போவத்தான் செய்யும்.

பிரேக் அடிச்சா மட்டும் பெடல் துடிக்கிது

நட்டு ஒன்னு ரொம்ப டைட், ஒன்னு சுமார் டைட்னு இருந்தா ஹப்போட சேந்து டிஸ்க்கும் நூலளவு கோணும், சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடறதுக்குள்ள அந்த கோணல் டிஸ்க்க ஒரு பக்கம் தேச்சிடும். டிஸ்க் மாத்திட்டும் நாலு மாசத்துல திரும்ப வந்தா, டிஸ்க்க திட்டாதீங்க, நட்டு டைட் பண்ற விதத்த பாருங்க.

டைட் எவ்ளோனா, சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர், போலோவுக்கு 120, மத்ததுக்கு வண்டியோட வந்த புக்குல இருக்கும். டைட்ட அளந்து காட்டுற டார்க் ரென்ச் இல்லாதவங்களுக்கு ஒரு கணக்கு. 30 சென்டிமீட்டர் ஸ்பேனரோட நுனில 37 கிலோ எடை குடுத்தா 108 ஆச்சு. நம்ம ஆளுங்க ஸ்பேனர் மேல ஏறி நின்னு ஒரு குதி குதிப்பாங்க இல்ல, 70 கிலோ ஆளு சும்மா நின்னாலே 200ஐ தாண்டிடும், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. குதிச்சா கணக்கே இல்ல. நல்லா டைட்டா இருக்கட்டும்னு பண்றதுதான், ஆனா ஸ்டட் ஒரு அளவுக்கு மேல நீண்டா திரும்ப சுருங்காது, அப்பறம் அதுக்கு இழுவையும் இருக்காது.

மரைல ஆயில், கிரீஸ் போடுறதும் இதே வகைதான். நல்லது பண்றோம்னு நெனச்சு போடுறோம், ஆனா கம்பெனி சொல்ற டைட் காஞ்ச மரைக்கு. வழுக்குனா அதே டைட்ல ஸ்டட் இன்னும் அதிகமா இழுபடும். துருவ பிரஷ்ல எடுங்க, எண்ணெய் வேணாம்.

ஸ்பேனர் நிக்கல, கழட்டவே முடியல

சில காருங்கள்ல நட்டு ரெண்டு துண்டா வரும், உள்ள இரும்பு நட்டு, மேல பளபளன்னு மெல்லிசா ஒரு தகடு தொப்பி. நடுவுல தண்ணி போயி துரு புடிச்சு தொப்பி உப்பிடும். 19 ஸ்பேனர் ஏறாது, 20, 21 போட்டா வழுக்கி மூலைய தேய்க்கும். நடு ராத்திரி வாலாஜா பக்கம் பஞ்சர் ஆயி நிக்கிறப்போதான் இது உங்களுக்கு தெரிய வரும். பகல்ல வீட்டு வாசல்ல ஒரு தடவ, வண்டில வந்த ஸ்பேனர எல்லா நட்டுலயும் வச்சு பாத்துடுங்க. உப்பியிருந்தா முழு இரும்புல செஞ்ச ஒத்த துண்டு நட்டா மாத்திடுங்க. கலர் கலரா லேசா ஒன்னு ஆன்லைன்ல வருதே, ரோஸ், ஊதா, அது அலுமினியம், ரோட்ல ஓட்ற காருக்கு வேணாம்.

மூலை தேஞ்ச நட்டுக்கு உள்ள சுருள் பல்லு வச்ச சாக்கெட் இருக்கு, அடிச்சு எறக்கி திருப்புனா வந்துடும், பெரிய ஒர்க்‌ஷாப்ல வச்சிருப்பாங்க. வெல்டிங் வைக்கலாம்னு சொன்னா கடைசி வழியா வச்சுக்கோங்க, ஹப் பேரிங்குக்கும் சூடு போவும். தனி சாவி போட்டாதான் கழலுற லாக் நட்டு போட்டவங்க அந்த சாவிய ஸ்பேனரோடயே கட்டி வைங்க. வீட்டு பீரோல பத்திரமா இருக்குற சாவியால ரோட்ல நிக்கிறவனுக்கு என்ன ஆவப்போவுது.

கழட்றப்போ மொத அசைவ வீல் தரைல இருக்கறப்பவே குடுங்க. ஜாக்கில தூக்கிட்டு தொங்கி தொங்கி இழுத்தா வண்டி உங்க மேல எறங்கும்.

ஸ்டட் ஒடஞ்சு போச்சு

மூணு நட்டு இருக்கே, ஊர் போயிடலாம்னு யோசிக்காதீங்க, மெதுவா ஓட்டி பக்கத்துல இருக்குற மெக்கானிக் கிட்ட போற வரைக்கும்தான். ஒன்னு ஒடஞ்சா அதோட ரெண்டு பக்கத்துல இருக்குறதும் அதிக பாரம் தாங்கி களைச்சிருக்கும், சேத்து மாத்துங்க. ரெண்டு ஒடஞ்சிருந்தா அந்த வீல்ல எல்லாத்தையும். புது ஸ்டட்ட சுத்தியால அடிச்சு ஏத்த விடாதீங்க, பேரிங் அடி வாங்கும். பிரஸ்ல ஏத்தணும், இல்ல வாஷர் அடுக்கி நட்டால இழுக்கணும். லூசா ஓடி ரிம் குழி நீளமா, முட்டை மாதிரி ஆயிருந்தா அந்த ரிம்ம தூக்கி போடுங்க. என் இடது முன் ரிம் அப்டித்தான் போச்சு, செட்ல ஒன்னு மட்டும் தேடி வாங்க மூணு வாரம் ஆச்சு.

போல்ட்டு வண்டிங்களுக்கு மட்டும்

போலோ மாதிரி போல்ட்டு போடுற வண்டில நீளம் கூடுனாதான் வம்பு. கனமான அலாய்க்குனு வாங்குன நீள போல்ட்ட இரும்பு ரிம்முல போட்டா நுனி ஹப்புக்கு பின்னாடி நீட்டிகினு போயி பின் டிரம்முக்குள்ள இருக்குற பிரேக் சாமான்ல இடிக்கும். மாட்டுனதும் வண்டிய ஓட்டாம, தூக்கி வச்ச வீல கையால ஒரு சுத்து சுத்துங்க. சர்ருனு ஒரசுற சத்தம், இல்ல ஒரே எடத்துல தடுக்குதுனா ஒடனே கழட்டுங்க. நீளத்த அளக்குறப்போ வாய்க்கு கீழ இருக்குற மரைய அளக்கணும், தலையோட சேத்து இல்ல.

ஸ்டெப்னி மாட்டுனா ஆடுது

இத நான் கடைசியாதான் கண்டுபுடிச்சேன், அதுவும் தற்செயலா. நாலு வீலுக்கும் புது கோன் நட்டு போட்டு நிம்மதியா இருந்தேன். ஆரணி ரோட்ல ஒரு நாள் பஞ்சர், ஸ்டெப்னி மாட்டுனேன், கண் மை ஞாபகம் வந்து சும்மா குழிய உத்து பாத்தா உருண்ட குழி. ஆமா, ஸ்டெப்னி ஹோண்டா கம்பெனி குடுத்த இரும்பு ரிம் ஆச்சே, அதுக்கு பால் நட்டுதான வேணும். நல்ல வேளை பழசெல்லாம் தூக்கி போடல, ஆனா வீட்ல கெடந்துச்சு. நாப்பதுக்கு மேல போவாம உருட்டிகினு வந்து சேந்தேன்.

இப்போ பழைய பால் நட்டுல நாலு, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு டிக்கில ஸ்டெப்னிக்கு நடுவுல இருக்கு. குலுங்கி சத்தம் போடக்கூடாதுனு சம்சாரம் ஒரு பழைய பனியன சுத்தி வச்சிருக்கா.